மாசாணியம்மாள் பேருக்கு நேராக ஒரு பிழை

பத்து வருசமாகக் கம்ப்யூட்டரிலேயே குடியிருக்கிற ஒரு ஆளுக்கு, எக்செல்லில் வருகிற ஒரு சின்னப் பிழையை எடுக்கத் தெரியாமல் இருக்குமாங்க?

கெசியாவுக்கு அதுதான் ஆச்சரியம். கிணத்துக்கடவு தேங்காய்ப் பவுடர் கம்பெனியில் தேங்காய்க்குத் தோல் சீவிக்கொண்டிருந்தவள், போன வாரம்தான் ஆபீசுக்கு மாறியிருந்தாள். வேலை பழக்கிவிடுகிறவள் சாஜிதா பேகம்.

திரையில் தோல் சீவுகிற பெண்களின் பட்டியல். சீவிய கிலோவை வேலை செய்த மணியால் வகுத்தால், மணிக்கு எத்தனை கிலோ என்று வரும். பத்துக்குக் குறைந்தால் கட்டம் சிவப்பாகிவிடும். சிவப்பானவர்களுக்கு அடுத்த மாதம் வேலை இல்லை. முதலாளி போட்ட சட்டம்.

மாசாணியம்மாள் பேருக்கு நேராக மட்டும் எண்ணுக்குப் பதில் #DIV/0! என்று பல்லிளித்தது. அதனால் கீழே சராசரிக் கட்டத்திலும் அதே.

“அக்கா, இதை இப்படியேவா முதலாளிக்குக் காட்டப்போறீங்க?”

“காட்டினா என்ன கண்ணு?”

“சிரிப்பாருங்க்கா! மணி சைபரா இருக்குது, சைபர்ல வகுத்தா வேறெப்படி வரும்? இஃப்எரர்னு ஒரு ஃபார்முலா இருக்குதுங்க. போட்டா பிழை போயி, சைபர்னு வந்துரும். பாப்பாவைத் தூங்க வெச்சுட்டு செல்போன்ல பாத்துக் கத்துக்கிட்டேன். போட்டுத் தரட்டுங்களா?”

“டீ ஆறுது பாரு, மொதல்ல குடி.”

வருசக்கணக்கா உக்காந்திருந்து என்ன, புதுசா ஒண்ணைக் கத்துக்க மனசு வரலையே என்று கெசியா உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டாள்.

முதலாளி மோகன்குமார் வந்தார். திரையைப் பார்த்ததுமே முகம் சுளித்தார்.

“ஏம்மா சாஜிதா, போன வருசமும் இதே கூத்து! சராசரியே வரல. இன்னுமா இதைச் சரிபண்ணத் தெரியல?”

“தெரியலீங்க சார்.”

கெசியா வாயைத் திறந்தாள். மேசைக்கடியில் சாஜிதாவின் கால் அவள் காலை நச்சென்று மிதித்தது.

“யாரு அது, மாசாணியம்மாளா? என்னாச்சு அதுக்கு?”

“பிரசவத்துக்குப் போயிருக்குதுங்க. பொண் குழந்தை. அதானுங்க மணி சைபர்.”

“அட, பொறந்துருச்சா? ரெண்டு பேரும் நல்லாயிருக்காங்களா?” சுளிப்பு மறைந்தது. “சரி, அந்த வரியைத் தனியா எடுத்து வை. வந்து வேலையைத் தொடங்கட்டும், அப்புறம் கணக்குல சேத்துக்கலாம்.”

அவர் போனதும் கெசியா காலைத் தடவிக்கொண்டே பொரிந்தாள். “எதுக்குங்க்கா மிதிச்சீங்க? ஒரு நிமிசத்துல பண்ணிருப்பனே!”

சாஜிதா தான் போட்டுவைத்திருந்த ஸ்டாக் ஷீட்டைத் திறந்து ஒரு கட்டத்தைத் தட்டினாள். இஃப்எரர். அடுத்த கட்டம், அதற்கடுத்தது, எல்லாவற்றிலும் இஃப்எரர்.

“அப்ப... தெரிஞ்சேதான் விட்டீங்களா?”

“சைபர்னு வந்தா சிவப்பாயிரும். ஆளு யாருன்னே பாக்காம பேரை அடிச்சுப்போடுவாரு. நானாப் போய்ச் சொன்னா, சிபாரிசும்பாரு. பிழைன்னா அவரே கேட்டாகோணும். கேட்டுட்டாருன்னா, மனுசனுக்கு மனசு எளகிரும்.”

கெசியா தானும் ஒரு கட்டத்தைத் தட்டிப் பார்த்தாள். அதிலும் இஃப்எரர்.

“போன வருசம் நீ புள்ள பெத்துக்கப் போனப்ப உம்பட பேருக்கு நேராவும் இதேதான் நின்னுச்சு” என்றாள் சாஜிதா. “அந்த ஃபார்முலாவை முதலாளிகிட்ட மட்டும் சொல்லிப்போடாத, கண்ணு.”