கத்தரிப்பூ நிறம்

தேசிய ஊழல் தடுப்பு ஆணையத்தின் தலைவர் பதவிக்குச் சுகிர்தாவின் பெயர் அடிபட்டபோது, அவளைப் பற்றி விசாரிக்க வந்த உளவுத்துறை அதிகாரி படிவத்தில் 'வாங்கிய கையூட்டு' என்ற ஒரே ஒரு கட்டத்தை நிரப்ப முடியாமல் மூன்றாவது முறையாக வந்து உட்கார்ந்தார். முப்பத்து நான்கு வருடத் தணிக்கை வேலையில் அவள் யாரிடமும் ஒரு புத்தாண்டு டைரிகூட வாங்கியதில்லை.

"இது காலியா இருந்தா ஃபைல் மேல போகாது மேடம். யார் கைக்கும் அடங்காதவங்கள எப்படி உக்கார வைப்பாங்க? நீங்க இல்லைன்னா மாணிக்கராஜ்தான்."

மாணிக்கராஜின் திருட்டுகளைக் கண்டுபிடித்து எழுதியவளே அவள்தான். ஒரு பொய்தானே, உட்கார்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"எழுதிக்குங்க. ஒன்பது வருஷம் முந்தி, தீபாவளிக்கு, பாலம் கட்டின பரஞ்சோதிகிட்ட ஒரு பட்டுப்புடவை."

"என்ன கலர்?"

ஒருமுறை கடையில் விரித்துப் பார்த்து, விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டு வந்த புடவை நினைவுக்கு வந்தது. "கத்தரிப்பூ கலர். அரக்கு பார்டர்."

பதவியேற்பு நாள் காலையில் பரஞ்சோதியின் டிரைவர் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"பில்லு அந்த வருஷத் தேதிக்கே போட்டாச்சுன்னு ஐயா சொல்லச் சொன்னாரும்மா. இன்னைக்கு இதையே கட்டிக்கிட்டு வரணுமாம்."

கத்தரிப்பூ நிறம், அரக்கு பார்டர். அடியில் தைத்த ரவிக்கையும் இருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் போட்டுப் பார்த்தாள். அவளுடைய இடது தோள் அரை அங்குலம் தாழ்வு. அது அவளுடைய தையல்காரிக்கு மட்டும்தான் தெரியும். ரவிக்கை அந்த அரை அங்குலத்துக்கும் சரியாக இருந்தது.