கன்னத்து மை

குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்துக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள் தமயந்தி. விரலை எடுத்ததும் பொட்டைக் காணோம்.

அவள் கண்ணில் இருந்த லென்ஸ் எல்லோரையும் கொரியப் பாடகிகள், பாடகர்களைப் போலக் காட்டும். அயனாவரத்தில் ஒரு முகத்திலும் மருவோ தழும்போ கிடையாது. தெருவே நிலா வெளிச்சத்தில் நனைந்தது மாதிரி மினுங்கும். கல்யாணத்துக்கு முன்பு போட்டதை அவள் தூக்கத்திலும் கழற்றியதில்லை. முகத்தில் கரும்புள்ளி கண்டால் லென்ஸ் அழித்துவிடும் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

மைதான் ஒட்டவில்லை என்று நினைத்து நெற்றியில் வைத்தாள், தாடையில் வைத்தாள், முகம் முழுக்க அப்பினாள். மாலையில் ஊரே பிள்ளையைப் பார்க்க வருகிறது, வெறும் முகமாகவா காட்டுவது?

குளிப்பதற்காக லென்ஸைக் கழற்றியிருந்த கணவன் முகிலன் ஈரத் தலையோடு வந்து அலறினான்.

"அடிப்பாவி! புள்ள மூஞ்சிய என்னடி பண்ணி வெச்சிருக்க? அந்த லென்ஸக் கழட்டிட்டுப் பாரு!"

கழற்றினாள். மடியில் குழந்தை அடிப்பிடித்த சட்டி போலக் கிடந்தது. எதிரே அலமாரிக் கண்ணாடியில் யாரோ ஒருத்தி, கண்ணுக்குக் கீழே கருவளையமும் கன்னத்தில் பருத் தழும்புமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த முகத்தைப் பார்த்துப் பிள்ளை பயந்து அழுமோ என்று தயங்கித் தயங்கிக் குனிந்தாள்.

குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. பிறந்ததிலிருந்து அது பார்த்துவரும் அம்மா இவள்தான்.

தமயந்தி விரலில் மிச்சமிருந்த மையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.