கல் நட வந்தவன்

“நாளைக்கு வெயில் ஏறதுக்கு முன்னே குழி தோண்டிரணும், தாணம்மை. வெறும் மண்ணில நட்டா ஆடிக் காத்து சாய்ச்சுப்போடும். சிமிட்டி போட்டு நிறுத்தணும்.”

பகவதியப்பன் பிள்ளை இதைச் சொல்லிக்கொண்டே மோர்ச்சோற்றை முடித்து, கை கழுவிப் படுத்தார். மறுநாள் எழுந்திருக்கவில்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டி, புல்லும் கருகிக் கிடக்கும் செம்மண் பொட்டலில் அவர் சுயமாக உண்டாக்கிய விளைத் தோட்டம் அது. வீடும் கிணறும் உள்ள பாதி பெண்டாட்டி தாணம்மைக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் வாயால் சொல்லியிருந்தார். ஆனால் அவர்களுக்கு மருமக்கள் வழி. ஆண் கண்ணை மூடினால் சொத்தெல்லாம் அவன் அக்காள் மகனுக்குப் போகும். அதை மாற்றப் புதுச்சட்டம் வரப்போகிறது என்று பேச்சு மட்டும் இருந்த காலம். அந்த மருமகனோ தாணம்மையின் கல்யாணத்துக்கு முன்பே கொழும்புக்குப் போனவன். அவள் அவனைப் பார்த்ததே இல்லை.

அந்தப் பாதியின் எல்லைக்கென்று அவர் வாங்கிய கல்தூண்கள் முற்றத்தில் அப்படியே கிடந்தன.

பதினாறு கழிந்த மறுநாள், ஒருவன் வண்டியில் சிமிட்டி மூட்டைகளோடு வந்து இறங்கினான். கல் நட வந்திருப்பதாகச் சொன்னான். அவர் இருக்கும்போதே சொல்லிவைத்த ஆளாக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. அவன் குழி தோண்டி, ஜல்லியும் மணலும் சிமிட்டியும் குழைத்துக் கொட்டி, கல்லை நிறுத்தித் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தான். சீக்கிரம் காய்ந்து வெடித்துவிடாமல் அடியில் ஈரச்சாக்கைச் சுற்றினான். தாணம்மை கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து வைத்தாள். அவன் குடிக்கக் குடிக்க, அவள் மனதில் கிடந்த ஆவலாதியெல்லாம் வெளியே வந்தது.

“கொழும்புக்காரன் ஒருத்தன் வருவான் மக்கா. இதையெல்லாம் பிடுங்கிப்போட்டு எங்களைத் தெருவுல நிறுத்துவான்.”

“ஆளு எப்பிடி?”

“யாரு கண்டா? மாமன் செத்ததுக்கு எட்டிப் பாக்காதவன் எப்பிடி இருப்பான்? முழுங்குத மூஞ்சியாத்தான் இருக்கும்.”

அவனுக்குக் கஞ்சி புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டு, அப்படித்தான் இருக்கும் என்று ஒத்துக்கொண்டான். மாறுகண் வேறு என்று கேள்வி என அவனே சேர்த்தும் சொன்னான். துக்கம் விழுந்த நாளுக்குப் பிறகு தாணம்மை அன்றைக்குத்தான் சிரித்தாள்.

பின்நேரத்தில் அவன் புளியமரத்துக்கும் அப்பால் போய்க் குழி தோண்டினான். மரம் அவர் சொன்ன பாதியில் சேராதே என்று அவள் தடுத்துப் பார்த்தாள். அங்கேதான் மண் வாகாக இருக்கிறது என்று சொல்லி அவன் கல்லை நிறுத்திவிட்டான்.

பொழுது சாய்கையில் கடைசிக் கல்லும் நின்றது. தாணம்மைக்குப் பயம் மட்டும் போகவில்லை.

“ஒம்பேரு என்ன மக்கா? யாரு நட்ட கல்லுன்னு அவன் சண்டைக்கு வந்தா சொல்லணும்லா.”

கை கழுவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

“சிதம்பரதாணு. முந்தாநாள்தான் தூத்துக்குடியில கப்பல் இறங்குனேன். மாமன் சொன்னதை ஊர்ப் பெரியவங்ககிட்ட கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன். வேற எவன் நட்டாலும் எங்க ஆளுவ பிடுங்கிப்போடுவாவ. உரிமைக்காரன் நட்ட கல்லை ஒருத்தனும் தொடமாட்டான், அத்தை.”