மதில் செண்பகம்

எங்கள் கணினி விளையாட்டுக் குழுவின் அடுத்த போட்டிக்கு ஒரே விதிதான்: ஆட்டம் தொடங்கிக் குறிப்பிட்ட நேரத்துக்குள் பக்கத்து நகரத்தைத் தாக்கிவிட வேண்டும். எத்தனை நிமிடத்துக்குள் என்பதில்தான் தகராறு. சோதனைக்காக ஓர் ஆட்டத்தைத் திறந்து வைத்துவிட்டு ஹெட்போனில் கத்திக்கொண்டிருந்தோம். “இருபது நிமிஷமாவது குடுங்கப்பா, படை திரட்ட வேணாமா?” என்றார் தணிகாசலம். செண்பகவல்லி மட்டும் பேசவில்லை. ஆறு வருடமாக மதில் கட்டிக்கொண்டு, யாரையும் தாக்காமல் விளையாடுகிறவள். அவள் பக்கமிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தது. வெண்டைக்காய் நறுக்குகிறாள் என்று நினைத்தேன்.

தற்செயலாகத் திரையைப் பார்த்தேன். காவலே வைக்காத என் நகர வாசலில் ஒரேயொரு ஈட்டிக்காரன் நின்றிருந்தான்.

“இவன் யாரோட ஆளு?”

“என் ஆளுதாண்ணே” என்றாள் செண்பகவல்லி. “ஏழு நிமிஷம் ஆச்சு. நீங்க மும்முரமா பேசிட்டிருந்தீங்க, குறுக்க பேச வேணாம்னு வந்துட்டேன்.”

நகரம் பறிபோனது. எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “அப்போ ஏழுன்னே வச்சுக்கலாம்” என்றார் தணிகாசலம், மூச்சு வாங்க.

சிரிப்பு அடங்கிய பிறகும் அவளுடைய மவுஸின் டக் டக் நிற்கவில்லை.

“ஐயோ, என் வாசல்!” என்றார் தணிகாசலம்.