வெறும் டப்பா

"உடைச்சிடாதீங்க சார்!" என்று தலைமையாசிரியர் அறையில் கெஞ்சினாள் ஹோதான். வெளியே, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரப் பள்ளி மைதானத்தில் அவளுடைய பெட்டியைச் சுற்றிப் போலீஸ் நின்றது.

"ஒயரும் பேட்டரியுமா இருக்கே?" என்றார் தலைமையாசிரியர்.

"டேப் ரெக்கார்டர் சார். பெல்ட் அறுந்ததால சக்கரம் சுத்தலை. ரப்பர் பேண்ட் மாட்டியிருக்கேன், இனி சுத்தும்."

"முக்காடு போட்ட பொண்ணு இதைத் தூக்கிட்டு வந்தா பயமா இருக்காதா?"

"எங்க கிளாஸ் வெள்ளைக்காரப் பையன் டைலர் ராக்கெட்டே கொண்டுவந்தான். கைதட்டினீங்களே சார்?"

மைதானத்தில் பெட்டிக்குப் போலீஸ் வைத்த வெடி 'டமார்' என்றது.

போலீஸ்காரர் உள்ளே வந்தார். "வெறும் டப்பாதான். யாரோடது?"

"அப்பாவோடது."

"அவரை வந்து எங்ககிட்ட பேசச் சொல்லு."

ஹோதான் ஜன்னல் வழியே புகையையே பார்த்தாள்.

"எங்க சோமாலி ஜனங்க கடிதம் எழுதறதைவிட கேசட்லதான் பேசி அனுப்புவாங்க சார். அம்மா வயித்துல இருந்த எனக்குப் பேசி அனுப்பிட்டு அப்பா செத்துட்டார். அந்தக் கேசட் உள்ளே இருந்துச்சு. நான் இன்னும் ஒரு தடவைகூடக் கேட்கலை."