மாட்டுப்பட்டிக்கு அனுமதி

"இந்தப் பட்டிக்கு என்ன கொற ஈக்கி முதலாளி? நாலு தகரத்த மாத்தினாச் சரி. புதுசு என்னத்துக்கு?"

பிரதேச சபையிலிருந்து கட்டடம் பார்க்க வந்த ஸக்கரியா இப்படிக் கேட்டதும் வேலம்மா சாணிக் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். பண்ணைக்காரர் கணபதி முதலாளிக்குக்கூட அவ்வளவு கவலை இருந்திருக்காது. அவருக்கு மாத்தளை டவுனில் கடை இருக்கிறது, மாடி வீடு இருக்கிறது. யட்டவத்தப் பக்கமுள்ள இந்தப் பண்ணையில் புதுக் கட்டடம் எழும்பாவிட்டால் அவர் குடி ஒன்றும் முழுகிவிடாது.

வேலம்மாவுக்கு முழுகிவிடும். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் தோட்டத்து லய வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது உடுத்த துணியோடு ஓடி வந்த குடும்பம் அது. தொண்ணூறு பிறந்தும், பண்ணை மிளகு ஸ்டோரின் ஒரு மூலையில் சாக்கைத் திரையாகக் கட்டிக்கொண்டுதான் கிடக்கிறார்கள். புருஷன் முத்துவீரனுக்கு இழுப்பு நோய். மிளகுத் தூசி பட்டால் போதும், மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். பறிப்புக் காலம் வந்தால் அந்த மூலையும் மூட்டைகளுக்கு வேண்டும்.

"அனுமதி மட்டும் வரட்டும் வேலம்மா. ஒனக்கும் ஒரு எடம் ஒதுக்கித் தர்றது எம் பொறுப்பு" என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் சம்பளம் கூட்டிக் கேட்காமல் மாடு மேய்த்தாள், பால் கறந்தாள், சாணி அள்ளினாள்.

பிளானில் இரண்டு கட்டடங்கள். பெரியது மாடுகளுக்கு. சின்னது, இரண்டு ஜன்னல் வைத்தது, யாருக்கு என்று அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. அலைகிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம்.

ஸக்கரியாவும் அதையேதான் கேட்டார். "இந்தச் சின்னது?"

"பால் வைக்கிற அறை சேர்" என்றார் முதலாளி.

வேலம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீடு என்று காட்டினால் ஆயிரம் கேள்வி வரும், பின்னாலேயே வரியும் வரும். ஸ்டோர் என்று போட்டுவிட்டுக் குடியிருப்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். முதலாளி லேசுப்பட்ட ஆளா என்ன!

ஆனால் ஸக்கரியா பிளானைச் சுருட்டிவிட்டார். "இல்ல முதலாளி, ஈக்கிறதையே திருத்திக்கோங்க. பழசு ஈக்க இன்னொரு பட்டிக்கு அனுமதி தர ஏலா."

கணபதி முதலாளி கழுத்தைத் துடைத்துக்கொண்டு பிளானைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார். வேலம்மாவுக்குப் பொறுக்கவில்லை, முன்னால் வந்துவிட்டாள்.

"ஐயா, கொஞ்சம் கேளுங்க. தெனம் இதுல பால் கறக்கிறவ நாந்தான். மழ பேஞ்சா மேட்டுத் தண்ணி பூரா இதுக்குள்ளதான் எறங்கும். சாணியும் மூத்திரமும் கலந்து கணுக்கால் வரைக்கும் நிக்கும். வெளிச்சமில்ல, காத்தில்ல. போன மழைக்கு ரெண்டு கன்னுக்குட்டி மூச்சுத் தெணறியே செத்துப்போச்சு."

செத்தது ஒன்றுதான். வேலம்மா அவசரத்துக்கு இன்னொன்றையும் சேர்த்துக் கொன்றாள்.

"எங் காலப் பாருங்க" என்று சேலையைச் சற்றுத் தூக்கி, விரலிடுக்கெல்லாம் வெந்து கிடந்த பாதத்தைக் காட்டினாள். "கொஞ்ச நேரம் நிக்கிற எனக்கே இப்பிடின்னா, ராப்பகலா இதுலயே கெடக்கிறது என்னா ஆகும்? தகரத்த மாத்தி ஒன்னும் ஆகாதுங்க. மண்ணே கெட்டுப்போச்சு. வாயில்லாத சீவன், பாவம்ங்க ஐயா!"

ஸக்கரியா குனிந்து உள்ளே போனார். போன வேகத்திலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"யா அல்லாஹ்! சரி முதலாளி, ரெண்டு கட்டடத்துக்கும் அனுமதி கெடைக்கும். ஒண்ணு மட்டும் சொல்றன். புதுசு முடிஞ்சா இதுல ஒரு மாட்டயும் கட்டப்படாது. கட்டினா கேஸ் போடுவன்."

"சத்தியமா ஒரு மாட்டயும் கட்டமாட்டேன் சேர்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து மறைந்தபோது வேலம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஸ்டோர் மூலையில் இருமிக்கொண்டிருக்கும் மனுஷனிடம் இப்போதே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலவும் இருந்தது.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "நீ மட்டும் பேசலேன்னா இன்னைக்குக் காரியம் கெட்டிருக்கும் வேலம்மா. நெறைய நன்றி ஒனக்கு!"

முதலாளி வாயிலிருந்து நன்றி வந்த தைரியத்தில் அவள் கூச்சத்தை விட்டாள். "மொதலாளி, அந்தச் சின்ன வீட்டுல ஒரு ஓரமா அடுப்புப் போட்டுக்கிறோம்ங்க. செவுரு கருக்காமப் பாத்துக்குவேன். ஜன்னலோரமா பாய விரிச்சுட்டா அவருக்கு மூச்சு வாங்காது."

"எந்தச் சின்ன வீடு?"

சின்னக் கட்டடத்துக்கு முளை அடித்திருந்த இடத்தை அவள் கைநீட்டிக் காட்டினாள். கணபதி முதலாளி ஒரு கணம் விழித்தார். பிறகு புரிந்துகொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அடி பைத்தியக்காரி, அது நெசமாவே பால் வைக்கிறதுக்குத்தான்!"

"அப்ப... எங்களுக்குத் தர்றேன்னு சொன்ன எடம்?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பழைய பட்டியின் தூணில் செல்லமாகத் தட்டினார்.

"மாடுங்க போனதும் நல்லாக் கழுவிட்டு, இதுல இருந்துக்க."