மவுஸ் எந்தப் பக்கம்?

"மவுஸ் வலது பக்கமே இருக்கட்டும் தம்பி. இவர் பேச்சைக் கேட்டு இடம் மாத்தாதீங்க" என்றார் அந்த அம்மாள்.

"நான் இடது கைக்காரன். எனக்கு இடது பக்கம்தான் சரிப்படும்" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர்.

"வேலை முடிஞ்சதும் திருப்பி வலது பக்கம் வெச்சுட்டுப் போனா கை தேஞ்சா போயிடும்? இத்தனை வருஷமா சொல்றேன்."

கம்ப்யூட்டர் கடை விற்பனையாளன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டு தலையும் நரைத்த தலை. வீட்டு உபயோகத்துக்கு, நடுத்தர விலையில், மேசையில் வைக்கிற கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும் என்று கடை திறந்ததுமே வந்தவர்கள். இன்னும் மவுஸையே தாண்டவில்லை.

வேறொரு நாளாக இருந்தால் ரசித்திருப்பான். இன்று அவனுக்கு மனசு சரியில்லை. லீவு நாளில் உதவி செய்கிறேன் பேர்வழி என்று வீட்டுச் சமையலறை அலமாரியைக் கடை அலமாரி மாதிரி உயர வரிசையில் அடுக்கி வைத்திருந்தான். உப்பு டப்பாவைத் தேடித் தேடியே மனைவிக்குக் கோபம் தலைக்கேறியது. பேச்சு தடித்தது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். முதலில் போன் செய்வதில்லை என்று இவனும் வீம்பாக இருந்தான். ஆனால் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. இப்படி எடுத்ததற்கெல்லாம் முட்டிக்கொண்டால் இந்தக் குடும்பம் தேறுமா என்ற பயம் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

கடிதம், பில் கட்டுவது, போட்டோ, வீடியோ கால், இவ்வளவுதான் வேலை என்றால் விலை உச்சத்தில் இருப்பது தேவையில்லை, மெமரியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்று விளக்கினான். இருவரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள். திரை என்று வாயைத் திறந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டது.

"பெரிசாவே குடுங்க. கண்ணாடியை மாத்துங்கன்னா கேட்கமாட்டார். எழுத்தைப் பூசணிக்காய் சைஸுக்குப் பண்ணி வெச்சுட்டுப் போயிடுவார். அப்புறம் நான் உட்கார்ந்தா ஒரு வரிதான் தெரியும்."

"நீங்க மட்டும் என்ன? வெளிச்சத்தை அடியோட குறைச்சு வெச்சுட்டுப் போவீங்க. மிஷின் அணைஞ்சு கிடக்குன்னு நான் பட்டனை அமுக்கி, பாதி வேலை போயே போச்சு."

அப்போதுதான் அவன் கவனித்தான். இவ்வளவு சண்டையிலும் பெரியவர் அந்த அம்மாளை ஒரு தடவைகூட 'நீ' என்று சொல்லவில்லை. இவன் வீட்டில் சண்டை என்றால் முதலில் வெளிநடப்புச் செய்வது மரியாதைதான். அவனுக்குச் சுருக்கென்றது.

அம்மாள் ஒரு கீபோர்டை எடுத்துக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். பிஸ்கட் தூள் சிக்காமல் வெளியே வருமா என்று கேட்டார். பெரியவர் கூரையைப் பார்த்தார்.

பழைய கம்ப்யூட்டர் இருந்தால் கொண்டு வாருங்கள், விலையில் கழித்துக்கொள்ளலாம் என்று இவன் சொன்னான். அதைத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்று சொல்லி இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

கடைசியில் இவனுக்கே பொறுக்கவில்லை. "ஒரு கம்ப்யூட்டர்ல ரெண்டு மவுஸ் மாட்டலாம் சார். உங்களுக்கு இடது பக்கம் ஒண்ணு, மேடத்துக்கு வலது பக்கம் ஒண்ணு. எதையும் நகர்த்தவே வேண்டாம்."

அம்மாள் கையிலிருந்த கீபோர்டைக் கீழே வைத்தார்.

"இது ஏங்க இத்தனை வருஷமா நமக்குத் தோணல?" என்றார் அம்மாள்.

"தோணியிருந்தா நீங்க என்கிட்ட பேசியே இருக்க மாட்டீங்களே" என்றார் பெரியவர் மெதுவாக.

அந்த அம்மாள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் காதுவரை சிவந்தது இவனுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான், இவன் வீம்பு உடைந்தது. இரண்டாவது மவுஸ் எடுக்க உள்ளே போனவன், முதல் வேலையாக மனைவிக்குப் போன் போட்டான். அலமாரியைப் பழையபடியே அடுக்கி வைத்துவிடுகிறேன் என்றான். இந்த ஜோடியின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னான்.

"எவ்வளவோ காலமா சண்டை போட்டுக்கிட்டே குடும்பம் நடத்துறாங்க. இன்னும் ஒண்ணா வந்து ஒரே கம்ப்யூட்டர் வாங்குறாங்க. நாமளும் தேறிடுவோம்."

"அவங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷமாம்? கேட்டுச் சொல்லுங்க. அவ்வளவு காலம் உங்களைத் தாங்க முடியுமான்னு யோசிக்கிறேன்" என்றாள். குரலில் பாதிக் கோபம் போயிருந்தது.

போனை வைக்காமலே வெளியே வந்து, அவளுக்கும் கேட்கட்டும் என்று கையில் நீட்டிப் பிடித்தபடி கேட்டான்.

பெரியவர் மவுஸ் பெட்டியை உருட்டிக்கொண்டிருந்தார். அம்மாள்தான் பதில் சொன்னார்.

"ஆபீஸ்ல எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர் தம்பி, காலையில நான், மத்தியானம் இவர். ரிட்டயர் ஆனப்புறம் என் வீட்டுல எனக்கும் அவர் வீட்டுல அவருக்கும் சண்டை போட ஆளே இல்ல. அதான், வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணம் வெச்சிருக்கோம்."

போனிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "என்னங்க, அலமாரியில கை வைக்காதீங்க. சாயங்காலம் நானே வந்து சண்டை போட்டுக்கறேன்."